மேல்மலைக்கு மூன்று

என் மச்சான் குருநாதனைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மட்டமாகப் பேசினாலும் வரும். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. நாலு வருஷம் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அவரோடு சண்டை போட்டவன் நான். திட்டுகிற உரிமையை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இப்போது அவர் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்களுக்குப் பூட்டைத் திறந்து மூடிக் காட்டுகிறார். ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டு வரை கொடைக்கானலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அந்தக் கடை முதலாளிக்கே தெரியாது. சொன்னால் சிரிப்பார். வியாபாரம் செய்கிறவர்களுக்கு வியாபாரம் செய்வது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மச்சான் பழனி அடிவாரத்துக்காரர். அப்பாவுக்கு விபூதி, சந்தனம், மாலை விற்கிற கடை. மதுரையில் வணிகம் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு மில்லில் குமாஸ்தாவாக இருந்தவரை அரசாங்கம் பொறுக்கியெடுத்துச் சென்னைக்கு அனுப்பி மூன்று மாதம் பயிற்சி கொடுத்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் காலம் அது. டெல்லியில் போடுகிற மாதிரி ஒரு திட்டத்தை ஒவ்வொரு கடைக்காரனும் தன் கடைக்குப் போட்டுவிட்டால் நாடு நிமிர்ந்துவிடும் என்று மச்சான் மனசார நம்பிக்கொண்டு திரும்பி வந்தார். கூடவே ஒரு பெட்டி நிறைய அச்சடித்த விண்ணப்பப் பாரம்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்துப் பயிற்சி நிலையம் என்று பலகை மாட்டினார்கள். மழைக்காலத்தில் வாசல் வழியாக மேகம் உள்ளே வந்துவிடும். கரும்பலகை ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்காது. ஒவ்வொரு பயிற்சியும் இருபத்தொரு நாள். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறவர்களும், இனிமேல்தான் ஏதாவது தொடங்க வேண்டும் என்று கனவு காண்கிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். முடிவில் ஆளுக்கொரு பாரம், பதினாலு பக்கம், நிரப்பிக் கொடுக்க வேண்டும். அதை மதுரைக்கு அனுப்பினால், தகுதி பார்த்து மிஷினோ கொட்டகையோ அரசாங்க உதவியில் கிடைக்கும்.

நான் அந்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று யாரோ மச்சானிடம் சொல்லிவிட்டார்கள். அத்தனை பாரத்தையும் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

எல்லாப் பக்கத்தையும் எப்படியோ நிரப்பிவிடுவார்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் வண்டி நின்றுவிடும். ‘வரும் மூன்று ஆண்டுகளில் எதிர்பார்க்கும் உற்பத்தியும் விற்பனையும்’ என்பது அந்தப் பக்கத்தின் தலைப்பு.

முதல் பயிற்சிக்கே பழனியிலிருந்து பஞ்சாமிர்தக் கடை நல்லுசாமி வந்திருந்தார். மூன்று தலைமுறைக் கடை. முன்வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நல்லுசாமியண்ணே, வர்ற தைப்பூசத்துக்கு எத்தனை டப்பா போகும்னு நெனைக்கிறீங்க?” என்று மச்சான் கேட்டார்.

“ஏதோ போகுமுங்க.”

“ஏதோன்னா எத்தனை?”

“மலைமேல இருக்கிறவன் பார்த்துக் குடுக்கிறதுங்க. நாம என்னத்தைச் சொல்றது?”

“சரி, போன வருஷம் எத்தனை போச்சு?”

நல்லுசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒரு ஐந்நூறு இருக்குமுங்களா?” என்று மச்சானையே திருப்பிக் கேட்டார்.

தைப்பூசத்தன்று உச்சிப்பொழுதுக்குள் அந்தக் கடையில் இரண்டாயிரம் டப்பா தீர்ந்துபோவதை, எதிர்ச்சாரியில் அப்பா கடையில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவர் மச்சான். அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் வரப்போகிறதை யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. காட்டில் விளைந்து கிடந்தாலும் எவ்வளவு வரும் என்று கேட்டால் “கெடக்கு, பாப்போம்” என்றுதான் பதில். குவியலை அளக்கும்போதுகூட முதல் படியை ஒன்று என்று எண்ணமாட்டோம். ‘லாபம்’ என்று சொல்லிப் போடுவோம். எண்ணுக்குக் கண் படும், வாய்விட்டுச் சொன்னது நிலைக்காது என்பது நினைப்பு. வரிக்காரனுக்குப் பயந்தும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். மச்சானின் அப்பாவே கல்லாப்பெட்டி மூடமுடியாமல் பிதுங்குகிற அன்றைக்கும், வியாபாரம் எப்படி என்று கேட்டவர்களிடம் வயித்துக்குப் பத்தவில்லை என்று சொன்ன மனுஷன்தான்.

இதெல்லாம் தெரிந்த மச்சான்தான் சாக்பீஸை வீசி எறிந்து கத்துவார். “ஒரு எண்ணைச் சொல்ல வாய் வராதவனுக்குத் திட்டம் எதுக்குய்யா?” அவர்கள் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு மூன்றாம் பக்கத்தில் வாய்க்கு வந்த ஒரு சின்ன எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுவார்கள். மதுரைக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்து, இத்தனை சின்னத் தொழிலுக்கு மிஷின் எதற்கு என்று பாரத்தைத் திருப்பி அனுப்புவார்கள். முதல் வருஷம் போன பாரம் அத்தனையும் திரும்பி வந்தது. மச்சான் ராத்தூக்கம் இல்லாமல் இளைத்துப்போனார். எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டாம் வருஷம் குறுக்குவழி கண்டுபிடித்தார். அவர்கள் சொல்கிற பொய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்றார். ஒவ்வோர் ஊரையும் விசாரித்து, சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு வாய்ப்பாடு போட்டார். பழனி அடிவாரத்துக்கு நாலு. ஒட்டன்சத்திரம் மண்டிக்கு இரண்டு. பண்ணைக்காட்டுக் காப்பிக்கு இரண்டரை. மேல்மலைக்கு மூன்று. அவர்கள் என்ன எழுதினாலும் இந்த எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

“நாம பொய் எழுதலை மாப்ளே. அவங்க பொய்யைத் திருத்துறோம்,” என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது. அக்கா லீலா மட்டும் அடுப்படியிலிருந்து, “பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எதுக்குங்க சென்னையில போயி மூணு மாசம் படிப்பு?” என்று கேட்டாள். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் வாய்ப்பாடு வேலை செய்தது. பண்ணைக்காட்டுக்காரர் ஒருவருக்குக் காப்பிப் பழம் தோலுரிக்கிற மிஷின் வந்தது. அளவெடுத்த மாதிரி பொருந்தியது. இன்னும் மூன்று பேருக்கு அனுமதி வந்தது. மதுரையிலிருந்து பாராட்டி ஒரு கடிதமும் வந்தது.

அறுபத்தொன்று ஆனி மாதப் பயிற்சிக்கு வேலுத்தாய் வந்தாள். பூம்பாறைக்கும் அப்பால் மேல்மலையில் இருபத்திரண்டு வீடு கொண்ட ஊர். புருஷன் மணியன் மட்டக்குதிரைகளில் மூட்டை ஏற்றிவந்த கையோடு அவளையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

“எனக்குச் சோலி கெடக்குங்க. இது அஞ்சாப்புப் படிச்சிருக்கு. இது உக்காரும்,” என்று சொல்லிவிட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

முப்பது வயது இருக்கும். நாயுடுபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் வெள்ளனே வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பூண்டு காயவைக்க ஒரு கொட்டகை. மேல்மலையில் ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் பூண்டு பிடுங்குவார்கள். பிடுங்கினதைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். வீட்டுப் பரண் எத்தனை கட்டு தாங்கும்? மிச்சத்தை ஈரத்தோடு கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் மழையில் அழுகவிட வேண்டும். ஊருக்குப் பொதுவாகப் பெரிய பரணும் கீழே கணப்பும் வைத்து ஒரு கொட்டகை இருந்தால் அத்தனையும் தப்பிக்கும். இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. நாலு வருஷத்தில் அந்தப் பங்களாவில் நான் கேட்ட ஒரே உருப்படியான திட்டம் அது.

மச்சான் வழக்கம்போல மூன்றாம் பக்கத்துக்கு வந்து கத்தி முடித்தார். கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள்.

“சார், நாம சொன்ன எண்ணு தப்பாப் போனா என்னங்க ஆகும்?”

“தப்பாப் போனா திருத்திக்கலாம்மா. சொல்லாமலே இருந்தா திருத்துறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

சுளீரென்று பட்டது எனக்கே. அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நடுவில் ஐந்து நாள் லீவு கேட்டு ஊருக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று பிற்பாடு மணியன் சொல்லித்தான் தெரியும். வீடு வீடாகப் போய் இந்த வருஷம் எத்தனை மூட்டை வரும் என்று கேட்டிருக்கிறாள். ஊர்ப் பெரியவர் மலைச்சாமி, “மண்ணுக்குள்ள கெடக்குறதை எண்ணப்பிடாது தாயி. வீட்டுக்குப் போ,” என்று சொல்லிவிட்டார். அவள் போகவில்லை. “நீங்க வரப்போறதைச் சொல்ல வேணாம். வெதை எத்தனை போட்டீகன்னு மட்டும் சொல்லுங்க. அது போன மாசம் நடந்தது. அதுக்கு எந்தக் கண்ணும் படாது,” என்றிருக்கிறாள். கிழவர் யோசித்துப் பார்த்துவிட்டு விதைக் கணக்கைச் சொன்னார். அவர் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். விதையை வைத்து விளைச்சலை இவளே போட்டுக்கொண்டாள். ஆனால் எல்லாருக்கும் முன்னால் தன் வீட்டுக்கு மட்டும் விளைச்சலையே, ஊர் மந்தையில் நின்று, வாய்விட்டுச் சொன்னாளாம். “எங்க வீட்டுக்குப் பதினாறு மூட்டை வரும்.” மணியனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பாரம் என் கைக்கு வந்தது. பென்சிலில் வீடு வீடாக இருபத்திரண்டு வரி. போட்ட விதை, வரும் மூட்டை, மொத்தம் முந்நூற்றுப் பத்து. இப்படி ஒரு மூன்றாம் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. மச்சான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். பக்கத்திலேயே தொள்ளாயிரத்து முப்பது என்று எழுதினார். கொட்டகையின் அளவையும் அதற்குத் தக்கபடி மாற்றினார்.

“மச்சான், இது வேற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வீடு பிரிச்சு எழுதியிருக்கு பாருங்க,” என்றேன்.

“பொய்யைப் பிரிச்சுச் சொன்னா நெசமாயிருமா? மேல்மலைக்கு மூணு. எழுது மாப்ளே.”

எழுதினேன். இருபத்திரண்டு வரியையும் மூன்றால் பெருக்கி, முத்து முத்தாக எழுதினேன். வேலுத்தாய் பதின்மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். சார் வீட்டு ஆள் எழுதினது என்பதால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆவணியில் மதுரையிலிருந்து அதிகாரி வந்தார். கொட்டகை பெரிது என்பதால் நேரில் பார்க்காமல் அனுமதிக்க முடியாது என்று விதி. ஒரு சனிக்கிழமை அவர் மட்டக்குதிரையிலும் நாங்கள் நடந்துமாக மேல்மலைக்குப் போனோம். ஊர் மந்தையில் நாற்காலி போட்டிருந்தார்கள். வேலுத்தாய் வெளுத்த சேலை கட்டி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் இருபத்திரண்டு வீட்டு ஜனமும் நின்றது. அதிகாரி சரிவில் தெரிந்த பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மொத்தம் இவ்வளவுதானா காடு?”

“ஆமாங்க.”

“இதில் எத்தனை மூட்டை வரும்மா?”

அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. “முந்நூத்திப் பத்துங்க,” என்றாள். கூட்டத்தில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி பாரத்தைப் புரட்டினார். “இங்கே தொள்ளாயிரத்து முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எது பொய்?”

“நான் எழுதுனது முந்நூத்திப் பத்துங்க.”

“இது உன் கையெழுத்துதானே?”

அவள் எட்டிப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு மூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாரத்தை எழுதினது நான்தான் என்று அவளுக்குத் தெரியும் அல்லவா? நான் குதிரையைப் பார்த்தேன்.

மச்சானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் ஓடவில்லை. “நான்தான் மூணால பெருக்கினேன் சார். இந்த அம்மா சொன்னது சரி,” என்றார்.

“ஏன் பெருக்கினீர்கள்?”

“இந்தப் பக்கத்து ஆளுங்க எப்பவும் குறைச்சுத்தான் சார் சொல்லுவாங்க.”

“இந்த அம்மா குறைச்சுச் சொன்னாங்களா?”

மச்சான் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

“முந்நூறு மூட்டைக்கு என்றால் நான் மலையே ஏறியிருக்க மாட்டேன் மிஸ்டர் குருநாதன். மதுரையில் உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்,” என்றார் அதிகாரி. “மற்ற பாரங்களிலும் இப்படித்தானா?”

“ஆமா சார்.”

அவர் பாரத்தின் குறுக்கே ‘எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல’ என்று எழுதினார். மதுரையில் இருக்கிற மற்ற பாரங்களையும் நிலையத்துக்கே திருப்பி அனுப்பப்போவதாகச் சொன்னார். புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று மச்சான் கெஞ்சியதற்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பூண்டு பிடுங்க ஆறு வாரம் இருந்தது. அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். சரியான எண் கண்ணுக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருக்க, தாளில் இருந்த தப்பான எண்ணோடு சண்டை போட்டுவிட்டுக் குதிரை ஏறினார்.

மலைச்சாமி வேலுத்தாயைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “வாய்விட்டுச் சொல்லாதேன்னேன்ல தாயி? பாத்தியா, நிக்கலை,” என்று இரக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு அதுதான் தீர்ப்பு. அவள் எண்ணைச் சொன்னாள்; கொட்டகை போய்விட்டது. இதில் எங்கள் வாய்ப்பாட்டை யார் விளங்கவைப்பது?

மச்சான் அவளிடம் போய், “என்னை மன்னிச்சிரும்மா,” என்றார்.

“நீங்க சொல்லுன்னீங்க சார். சொன்னேன்,” என்றாள். சத்தம் போடவில்லை. “ஊரே வேணாம்னுச்சு, சொன்னேன். நீங்க மட்டும் நம்பியிருந்தாப் போதுமுங்க.”

திரும்பி வருகிற வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டே வந்தேன். நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தி ஒரே ஒரு ஆளைத் திருத்தினீர்கள், அந்த ஒரு ஆளையும் உங்களுக்கே அடையாளம் தெரியவில்லையே என்று கேட்டேன். பாதிக் கோபம் என் மேலேயே இருந்தது. அதை அவர் மேல் கொட்டுவது சுலபமாக இருந்தது.

அடுத்த பங்குனியில் நிலையத்தை மூடினார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. மூடுவதற்கு முன்னால், கார்த்திகையில் தபாலில் ஒரு தாள் வந்தது. பாரத்திலிருந்து கிழித்து அவரவர் கையில் கொடுத்தனுப்புகிற கடைசிப் பக்கம் அது. பருவம் முடிந்ததும், சொன்னது என்ன, நடந்தது என்ன என்று எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய பக்கம். நூற்று எண்பது பேருக்கு மேல் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவர்கூட அனுப்பினதில்லை. வேலுத்தாய் அனுப்பியிருந்தாள். பென்சில் எழுத்து.

‘சொன்னது முந்நூற்றுப் பத்து மூட்டை. வந்தது முந்நூற்று எட்டு. தவறு இரண்டு மூட்டை. காரணம், இருளாயி வீட்டு விதையில் பாதி பழையது. அதை நான் விசாரிக்கத் தவறிவிட்டேன். அடுத்த தடவை விசாரிப்பேன். காயவைக்க இடம் இல்லாமல் அழுகியது தொண்ணூற்று நாலு மூட்டை. இதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை. நானே கோடு போட்டுக்கொண்டேன் சார்.’

மச்சான் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார். “ரெண்டு மூட்டைக்குக் காரணம் எழுதியிருக்கு பாரு மாப்ளே,” என்று தாளை என்னிடம் நீட்டினார்.

“பதில் எழுதுங்க,” என்றேன்.

“என்னன்னு எழுதுறது?”

எனக்கும் தெரியவில்லை. அவர் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.